ஒன்பதாம் கேள்வியும் மை தீர்ந்த பேனாவும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பாசஞ்சர். எல்லா நிலையத்திலும் நின்று, இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏறி, அப்புறம் ஒரு கொட்டாவி விட்டுக் கிளம்புகிற ரயில். ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு என்று சொல்லி அனுப்பினால் ஒன்பதோடு வந்து நிற்பாள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இன்னொருத்தி இருபத்திரண்டு வீட்டை முடித்துவிட்டு, முடி கலையாமல், நாலு மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பாள். அவள் எக்ஸ்பிரஸ். இந்தப் பெயர்களைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியாது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பதில்லை.

பாசஞ்சருக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிப் படிப்பை முடித்தாள், கல்யாணம் ஆனது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். நகலெடுக்கும் கடையில் நாலு வருஷம், மழலையர் பள்ளியில் ஆயாவாக ஆறு வருஷம் ஓட்டினாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன், இவள் காலையில் அடுப்பில் வைத்த தண்ணீர் சாயங்காலம்தான் கொதிக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் வேகம் வேண்டுமே.

கேள்வித்தாள் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை இதுதான். அந்த ஊரை ஒரு பெரிய கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. வடகரைத் தெருக்களில் ஒரு திட்டம் நடக்கிறது. ஆறு பெண்கள், கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிரசவம் ஆனதும் குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார்கள். தெருவில் அவர்களுக்குப் பெயர் எடை அக்கா. ஆறு பேருக்கும் அதே பெயர்தான். தென்கரையில் அந்தத் திட்டம் கிடையாது. திட்டத்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, பிழைத்த உயிர் எத்தனை என்று பார்க்க, இரண்டு கரையிலும் அறுநூறு அறுநூறு தாய்மார்களிடம் கேள்வி கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். வடகரை பாசஞ்சருக்கு, தென்கரை எக்ஸ்பிரஸுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

தாளில் முப்பத்தொரு கேள்விகள். அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு எழுத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. பயிற்சியின்போது கணக்கு அதிகாரி இதை எட்டு தடவை சொன்னார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஜாதி மனிதர் அவர், ஆனால் எண்களில் கெட்டிக்காரர். ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகப் பதில் வரும், அப்புறம் இரண்டு கரையையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒன்பதாம் கேள்வி இப்படி இருந்தது: ‘உயிருடன் பிறந்து, ஒரு வயது நிறைவதற்குள் இறந்த குழந்தை உண்டா?’

இதை எழுதியவர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும். எந்தத் தாயும் தன் குழந்தை இறந்தது என்று சொல்வதில்லை. தங்கவில்லை என்றுதான் சொல்வாள். வந்தது, இருந்தது, தங்கவில்லை. இறந்த குழந்தை உண்டா என்று முகத்துக்கு நேரே கேட்டால், வாய் தானாகவே இல்லை என்று சொல்லிவிடும். அது பொய்யும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அவளிடம் குழந்தை இல்லை, அவ்வளவுதான்.

பாசஞ்சருக்கு இதெல்லாம் யோசித்துத் தெரிந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு வீட்டில் சரியாக ஒன்பதாம் கேள்வியில் அவள் பேனா மை தீர்ந்துபோனது. அந்தப் பெண் இல்லை என்று சொல்லியாயிற்று, ஆனால் அதை எழுத வழியில்லை. பாசஞ்சர் பையைத் திறந்து தேட ஆரம்பித்தாள். அவள் தேடுவது என்றால் சொல்ல வேண்டாம். குடை வந்தது, சாவிக்கொத்து வந்தது, சின்ன மகளின் ரப்பர் வந்தது, பேனா மட்டும் வரவில்லை. அந்தப் பெண் மடியிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“தங்காம போனது ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லணுமா?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து பாசஞ்சரின் பேனாவில் ஒன்பதாம் கேள்விக்கு மை தீர்ந்துவிடும். எட்டு வரைக்கும் மளமளவென்று எழுதும், ஒன்பதில் நின்றுவிடும், பத்தில் பிழைத்துக்கொள்ளும். அவள் சட்டத்தை மீறவில்லை. அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தாள், ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. பைக்குள் கையை விட்டுத் துழாவக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்பது வீட்டோடு திரும்பி வந்து, எல்லோரும் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடிப்பாள்.

கணக்கெடுப்பு முடிந்து முடிவைச் சொல்லும் நாள் வந்தது. கணக்கு அதிகாரி சுவரில் படத்தை ஓடவிட்டார். தென்கரையில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் பதினொன்று. வடகரையில் பத்தொன்பது. திட்டம் இல்லாத கரையில் குறைவு, திட்டம் நடக்கும் கரையில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, எடை பார்த்து, கடைசியில் கண்ட பலன் இது என்றால் அடுத்த மாதக் கடைசியோடு நிறுத்திவிடச் சொல்லிப் பரிந்துரைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றிருந்த ஆறு எடை அக்காக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் பாசஞ்சருக்கு மண்டையில் உறைத்தது. அவளுக்கு எல்லாமே தாமதமாகத்தான் உறைக்கும், ஆனால் உறைத்தால் முழுசாக உறைக்கும். வடகரையில் குழந்தைகள் அதிகமாகச் சாகவில்லை. வடகரையில் பேனாவில் மை தீர்ந்தது. தென்கரையில் எக்ஸ்பிரஸ் நல்ல பேனா வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் நாத்தனார் காலை முக்காலி மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனின் ஒரே தங்கை, வடகரையில் குடியிருக்கிறாள், ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. போன மாதம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்து, சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது எடை அக்காதான். இப்போது வாரம் இரண்டு முறை வந்து பார்க்கிறாள். அண்ணி வருவதற்குள் பிரசவமே ஆகிவிடும் போலிருக்கிறது என்று நாத்தனார் வழக்கம்போல் வம்புக்கு இழுத்தாள். அண்ணிக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். திட்டம் நின்றால் அது தன் பேனாவால்தான் நின்றதாக ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அவர் கண்ணாடியைத் தேடுவதைக்கூட விட்டுவிட்டுக் கேட்டார்.

“மூணு மாசமா பேனாவ வச்சு நடிச்சீங்களா?”

“பேனாதான் சார் நடிச்சுது. நான் ஒரு எழுத்தும் மாத்தல.”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு கரையை ஒரு முழக்கோலால் அளந்திருக்கிறோம், இன்னொரு கரையை வேறொரு முழக்கோலால் அளந்திருக்கிறோம் என்று முணுமுணுத்தார். ஆனால் வாயால் சொன்னதை வைத்து அறிக்கையை மாற்ற முடியாது, மேலிடத்தில் எண் கேட்பார்கள். கடைசியில் ஒரு வழி சொன்னார். தென்கரை அறுநூறு பேரில் சீட்டுக் குலுக்கி இருநூறு பேரை எடுப்பது. பாசஞ்சர் போய்த் தன் பாணியில் மறுபடி கேட்பது. முதல் கணக்கில் விட்டுப்போன குழந்தைகள் அந்த இருநூறு வீட்டில் குறைந்தது எட்டு இருந்தால், பழைய கணக்கைத் தள்ளிவிட்டு இரண்டு கரையிலும் புதிதாகக் கேட்கலாம், அதுவரை திட்டத்தையும் நிறுத்த வேண்டாம். எட்டு என்றால் மேலே வாயைத் திறக்க மாட்டார்கள், ஏழு என்றால் தற்செயல் என்பார்கள் என்றார். மூன்று வாரம் அவகாசம். பொய்க் கணக்கு எழுதிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக எக்ஸ்பிரஸும் சாட்சியாகக் கூடவே போக வேண்டும் என்றார்.

எக்ஸ்பிரஸின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தான் செய்த வேலையில் இன்னொருத்தி குறை கண்டுபிடிப்பதை, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? முதல் இரண்டு நாள் அவள் பாசஞ்சரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தடி முன்னால் நடந்து போய், ஒவ்வொரு வாசலிலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் இருபத்தாறு வீட்டில் பேனா மை தீர்ந்ததுதான் மிச்சம், ஒன்றும் வரவில்லை. எக்ஸ்பிரஸ் லேசாகச் சிரித்தாள்.

இருபத்தேழாம் வீடு ஒரு தையற்காரியின் வீடு. ஒன்பதாம் கேள்விக்கு இல்லை என்றாள். பாசஞ்சர் பைக்குள் கையை விட்டாள். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை அந்தப் பெண் விரலால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, வாசலில் ஓடிக்கொண்டிருக்கும் மகனுக்கு முன்னால் இன்னொன்று வந்தது, பன்னிரண்டு நாள் இருந்தது, தங்கவில்லை என்று சொன்னாள். போன தடவை எக்ஸ்பிரஸிடம் ஏன் சொல்லவில்லை என்று பாசஞ்சர் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. தையற்காரியே எக்ஸ்பிரஸைப் பார்த்துச் சொன்னாள்.

“நீங்க அன்னிக்கு வந்தீங்க இல்ல? சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள குடிதண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டுட்டீங்க.”

பத்தாம் கேள்வி அதுதான். வெளியே வந்ததும் எக்ஸ்பிரஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டை நாலு நிமிஷத்தில் முடித்தேன் என்றாள். ஜன்னல் திரை அழகாக இருக்கிறது என்று சொல்லி, எங்கே வாங்கியது என்றுகூடக் கேட்டிருக்கிறாள். பாசஞ்சர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

இரண்டாம் வாரம் முடியும்போது நாலு ஆகியிருந்தது. அந்த வாரத்தில்தான் பாசஞ்சர் தன்னிடம் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். கதவைத் தட்டும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தாய் கண் கலங்கினால் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது. எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் ஏமாற்றமாக இருக்கிறது. குழந்தை பிழைப்பதற்கான திட்டத்தைக் காப்பாற்ற, செத்த குழந்தையைத் தேடி வீடு வீடாக அலைகிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. எக்ஸ்பிரஸிடம் சொன்னாள். தனக்கும் அப்படித்தான் என்று எக்ஸ்பிரஸ் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசினாள்.

ஐந்தாவது ஒரு பேருந்து நடத்துநரின் மனைவி. ஆறாவது, இரட்டையரில் ஒன்று. ஏழாவது சொன்ன பெண் கதவுக்குப் பின்னால் நின்று, உள்ளே மாமியார் காதில் விழாமல் சொன்னாள். அது நூற்று எழுபத்தொன்றாம் வீடு. அதன்பின் இருபத்தெட்டு வீடுகளில் ஒன்றும் இல்லை. நாத்தனாரை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். அவளைப் பார்க்க வரும் எடை அக்கா தெரு முனையில் பார்த்தபோது, எத்தனை ஆயிற்று என்று கண்ணால் கேட்டாள். ஏழு என்று பாசஞ்சர் விரலால் காட்டினாள்.

இருநூறாம் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், அன்றைக்கு விடுப்பில் இருந்தாள். பெரியவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். இரண்டு வயசுச் சின்னவள் அம்மாவின் செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, தடால் தடால் என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மா எல்லாக் கேள்விக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். ஒன்பதாம் கேள்விக்கும் பளிச்சென்று இல்லை என்றாள்.

பேனாவில் மை தீர்ந்தது. பாசஞ்சர் பையைத் திறந்தாள். குடையை வெளியே எடுத்தாள், சாவியை எடுத்தாள்.

“பேனாவா தேடறீங்க? இருங்க, பெரியவளோடது இருக்கும்” என்று அந்தப் பெண் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு பேனாவைக் கொண்டுவந்து, மூடியையும் கழற்றிக் கையில் கொடுத்தாள். நன்றாக எழுதும், நேற்றுதான் மை போட்டது என்றாள். மூன்று மாதத்தில் பாசஞ்சருக்கு இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்பிரஸ் சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு அவளும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நல்ல சேதிதானேங்க சொன்னேன்? ஏன் உங்க ரெண்டு பேர் முகமும் இப்படி விழுந்துபோச்சு?”

அதற்குள் சின்னவள் செருப்போடு குளியலறைக்குள் போய் எதையோ உருட்டிவிட, அம்மா பின்னாலேயே ஓடினாள். கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும். எக்ஸ்பிரஸ் எழுந்து ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு போட்டுடு. நான் வெளிய பார்த்துட்டிருக்கேன்.”

சாட்சியே சொல்கிறாள். ஒரு கட்டம், அதில் ஒரு கோடு. இந்த வீட்டை இனி யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. பாசஞ்சரின் கண்ணுக்குள் முக்காலி மேல் கிடந்த அந்த வீங்கிய கால்கள் வந்தன. ஆறு எடை அக்காக்கள், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தனை வயிறும் வந்தன. அவள் நல்லவள்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் போட்டுவிடத்தான் நினைத்தாள். பேனாவைத் தாளில் வைத்தும்விட்டாள்.

அப்போது அந்தச் சின்னவள் உடம்பெல்லாம் நனைந்து, அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, நேராக ஓடி வந்து பாசஞ்சரின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தாள் ஓரத்தில் ஈரம் பட்டது. பாசஞ்சர் அந்த உச்சந்தலையைக் குனிந்து பார்த்தாள். இந்த வீட்டுக் கட்டத்தில் ஒரு கோடு போடவேண்டுமென்றால், இந்த வீட்டில் ஒன்று தங்கியிருக்கக் கூடாது.

பூஜ்யம் போட்டாள். அவசரப்படாமல், வட்டமாகப் போட்டாள். பத்தாம் கேள்வியிலிருந்து முப்பத்தொன்று வரை கேட்டு முடித்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். பஸ் வந்ததும் எக்ஸ்பிரஸ் அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள்.

அதிகாரி இருநூறு தாள்களையும் தானே புரட்டினார், இரண்டு முறை எண்ணினார். எண்ணி முடித்தபோது அவர் தோள் தொங்கிப்போனது. அவரும் இத்தனை நாளாக அதே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஒண்ணு குறையுதேம்மா” என்றார்.

“ஆமா சார், குறையுது. அது அங்க அம்மா செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு வீட்டைச் சுத்திட்டிருக்கு.”

அதிகாரி எழுதி வைத்திருந்த அறிக்கையை இழுத்து, திட்டத்தால் பயனில்லை என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில், இருநூறில் ஏழு விட்டுப்போயிற்று, முதல் கணக்கு செல்லாது, இரண்டு கரையிலும் மறுபடி கேட்க வேண்டும், அதுவரை வீட்டு வருகை நிற்கக் கூடாது என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். தற்செயல் என்று யாராவது சொன்னால் தன்னிடம் வந்து சொல்லட்டும் என்றார். பாசஞ்சர் அந்தக் கடைசி வரியை நின்றபடியே படித்தாள். நாத்தனாரின் பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.